மலர் தேர்ந்தெடுத்த எஞ்சின்

அன்றைக்குக் காரில் மலர் சாயவே இல்லை. ஈஸ்ட் ஹாமில் ஏறியதிலிருந்து எசெக்ஸில் அந்தப் பண்ணையின் சேற்றுப் பாதையில் இறங்கும்வரை, முதுகு இருக்கையில் படாமல் நிமிர்ந்தே உட்கார்ந்து வந்தாள். ரவுண்டபவுட் வளைவு வரும்போதெல்லாம் கதவுக்கு மேலிருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

மார்ச் மாதமாக இருக்கலாம். வைப்பர் ஓடிக்கொண்டே இருந்தது நினைவிருக்கிறது. ஹீட்டரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வியர்த்தால் முதுகில் இருப்பது கழன்றுவிடும்.

முதுகில் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். ஆஸ்பத்திரியின் தோல் பிரிவில் முந்தின நாள் ஒட்டியது. ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் ஒரு பொருளில் ஒரு துளி. ரப்பர், நிக்கல், வாசனைத் திரவியம், வகைவகையான பிசின்கள். எந்தச் சதுரத்துக்கு அடியில் தோல் சிவந்து எழும்புகிறதோ, அந்தப் பொருள்தான் அவள் உடம்புக்கு ஆகாதது. குளிக்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை முடிவு சொல்வார்கள்.

"வெள்ளிக்கிழமை டாக்டர் என்ன சொல்றாங்கன்னு பார்த்துட்டு, சனிக்கிழமை போலாமே மலர்?" என்று புறப்படும்போது கேட்டேன்.

"இல்லை. அதுக்கு முதல் நான் எஞ்சினைப் பாக்கவேணும்."

"என்ன அவசரம்?"

"அந்தாள் வேற ஆருக்கும் குடுத்திட்டாரெண்டால்?" என்றாள். கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கிப் போய்விட்டாள்.

எனக்கெண்டு ஒண்டு

என் மனைவியைப் பற்றி இந்தத் தொடரில் இதுவரை அங்கங்கே ஒரு வரிதான் எழுதியிருக்கிறேன். அவள் பருத்தித்துறைக்காரி, நான் மதுரைக்காரன். எங்கள் வீட்டில் ஒரே கேள்விக்கு நான் "ஆமா" என்பேன், அவள் "ஓம்" என்பாள். கல்யாணத்தின்போது அவளுக்கு நாற்பது நெருங்கியிருந்தது. அதுவரை அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை. தம்பி தங்கைகளை ஒவ்வொருவராக ஊரைவிட்டு வெளியே எடுத்து, படிக்க வைத்து, கட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒருவர் பாரிசில், இருவர் டொராண்டோவில், கடைக்குட்டி இங்கே டூட்டிங்கில்.

எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நடந்தது கடைசித் தங்கையின் கல்யாணம் மட்டும்தான். அது முடிந்த மாலையில், மண்டபத்தில் நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தோம். மலர் ஒரு நாற்காலியை விரித்து அதில் உட்கார்ந்தாள்.

"எல்லாரும் போயாச்சு. இனி நான் எனக்கெண்டு ஒண்டு செய்யப்போறன்."

ஏதாவது படிப்பாக இருக்கும், அல்லது வீட்டுக்குப் புதுச் சமையலறையாக இருக்கும் என்று நினைத்தேன்.

"பிளேன் ஒண்டு கட்டப்போறன்," என்றாள்.

நான் சிரிக்கவில்லை. ஏற்கெனவே அவள் பறக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். நாற்பதாவது பிறந்தநாளுக்கு ஆஸ்பத்திரித் தோழிகள் ஒரு சின்ன விமானத்தில் அரைமணி நேரப் பயணத்தைப் பரிசாகக் கொடுத்தார்கள். இறங்கி வந்தவள் இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. பிறகு ஷிப்ட் மாற்றி ஷிப்ட் மாற்றி வகுப்புக்குப் போனாள். விமானி உரிமம் கையில் வந்தபோது எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

இந்த நாட்டில் சின்ன விமானத்தை வீட்டிலேயே கட்டலாம். வரைபடம் வாங்கி, பதிவு செய்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துச் சரி என்றால் அடுத்ததற்குப் போகலாம். தகரத்தில் கட்டுகிறவர்கள் உண்டு, மரத்தில் கட்டுகிறவர்கள் உண்டு. மலர் எடுத்தது கண்ணாடியிழை. நுரைப்பலகையைச் சூடான கம்பியால் இறக்கை வடிவத்துக்கு அறுத்து, அதன்மேல் கண்ணாடியிழைத் துணியை விரித்து, எபாக்ஸிப் பிசினை ஊற்றி நனைத்து இறுக விடுவது.

ஏன் அது என்றால், அவள் வேலையே அதுதான். ஆஸ்பத்திரியில் எலும்பு முறிந்தவர்களுக்குக் கட்டுப் போடும் அறையில் இருந்தாள். இப்போதெல்லாம் மாவுக்கட்டைவிடக் கண்ணாடியிழைக் கட்டுதான் அதிகம். அழுகிற பிள்ளையின் கையில் சுருக்கம் விழாமல் சுற்றி, இறுகுவதற்குள் உள்ளங்கையால் தடவி வடிவம் கொடுப்பாள். பிசின் எப்போது இறுகத் தொடங்குகிறது என்று அவள் கைக்குத் தெரியும்.

"அக்கா, உங்களுக்கு விசரோ?" என்று டொராண்டோத் தங்கை போனில் கத்தியது அறையின் மறுகோடி வரை கேட்டது.

"ஓம்," என்றாள் மலர் அமைதியாக. "நீங்கள் எல்லாரும் சுகமா இருக்கிறியள்தானே? பிறகென்ன?"

கராஜ்

ஹை ஸ்ட்ரீட் நார்த்துக்குப் பின்னால், வீடுகளின் முதுகுப் பக்கச் சந்தில் ஒரு பெரிய கராஜை வாடகைக்கு எடுத்தோம். பக்கச் சுவரில் ஒரு ஜன்னல் இருந்தது. நீளநீளமான பெட்டிகள் வந்து இறங்குவதைப் பார்த்த பலசரக்குக் கடைக்காரர், "என்ன தங்கச்சி, வள்ளம் ஏதும் கட்டுறீங்களோ?" என்று கேட்டார். "அப்பிடித்தான் அண்ணை," என்றாள் இவள். அதன் பிறகு நான் கடைக்குப் போகும்போதெல்லாம் வள்ளம் எந்த மட்டில் இருக்கிறது என்று விசாரிப்பார்.

முதலில் ஒரு பயிற்சித் துண்டு செய்ய வேண்டும். நுரையின் மேல் துணி ஒட்டிய ஒரு சின்னப் பலகை. பிசின் கூடினால் எடை கூடும், குறைந்தால் துணி வறண்டு வெள்ளையாகத் தெரியும். பலருக்கு மூன்று நான்கு தடவை குப்பைக்குப் போகுமாம். இன்ஸ்பெக்டர் மலரின் துண்டைத் தராசில் வைத்தார், வெளிச்சத்தில் பிடித்தார், திருப்பினார். "இதை நான் வைத்துக்கொள்ளட்டுமா? மற்றவர்களுக்குக் காட்டலாம்" என்றார்.

மலர் தலையாட்டினாள். அவர் போன பிறகுதான் கையுறையைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பல் எல்லாம் தெரிந்தது.

குளிர்காலத்தில் பிசின் இறுகாது. அதற்கென்று ஹீட்டர் வாங்கினோம். போதவில்லை. எங்கள் கட்டிலில் கிடந்த மின்கம்பளி விமானத்துக்குப் போனது. நாங்கள் இரண்டு போர்வைகளுக்குக் கீழே நடுங்கிக்கொண்டு கிடக்க, அங்கே விமானத்தின் மூக்கில் வரும் சின்ன முன் இறக்கை சுகமாகத் தூங்கியது. அந்த முன் இறக்கை அந்தக் குளிர்காலத்திலேயே முடிந்தது. இன்ஸ்பெக்டர் அதிலும் குறை காணவில்லை.

கைமணிக்கட்டில் முதலில் ஒரு சிவப்பு. "ஆஸ்பத்திரிச் சோப்பு," என்றாள். கொஞ்ச நாளில் நீளக்கை உடுப்பு போட ஆரம்பித்தாள். பிறகு ஒரு காலை கண்ணிமை இரண்டும் வீங்கி, கண் திறக்க முடியாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கும் சோப்பு என்றுதான் சொன்னாள். நான்தான் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் தோல் பிரிவுக்கு எழுதினார். அங்கே நாள் கிடைக்கச் சில மாதங்கள் ஆயின. அதற்கிடையில் அவள் நிறுத்தவில்லை. கையுறைமேல் கையுறை, முகமூடி, களிம்பு என்று எல்லாம் போட்டுக்கொண்டு கராஜுக்குப் போனாள்.

மூன்று எஞ்சின்கள்

எஞ்சினைக் கடைசியில்தான் வாங்குவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. மலரின் விமானத்தில் சின்ன இறக்கை முன்னால், பெரிய இறக்கை பின்னால். எஞ்சின் ஓட்டுகிறவரின் முதுகுக்குப் பின்னால் நின்று தள்ளும். பின்னால் எவ்வளவு எடை வரும் என்று தெரிந்தால்தான் முன்னால் மூக்கை எவ்வளவு நீட்டுவது என்று தெரியும்.

விமானம் கட்டுகிற வெள்ளைக்காரர் ஒருவர், கார் எஞ்சினை மாற்றிப் போடச் சொன்னார். சல்லிசு. ஆனால் ரேடியேட்டரும் கியரும் சேர்ந்தால் கனம். எல்லா மாற்றத்தையும் நாமே யோசிக்க வேண்டும். அந்த யோசனை முதலிலேயே அடிபட்டது.

நான் சொன்னது ஆஸ்திரியாவில் செய்த புது எஞ்சின். நான் ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவன். எனக்குப் புதியதில்தான் நம்பிக்கை.

"லேசா இருக்கும், பெட்ரோல் கம்மியாக் குடிக்கும், சத்தமும் கம்மி. வேற என்ன வேணும் உனக்கு?"

"அது நிண்டா, ஏன் நிண்டதெண்டு எனக்குத் தெரியாது."

"நிக்காது மலர்."

"எல்லாம் ஒருநாள் நிக்கும். அப்ப எனக்கு விளங்கவேணும்."

அவள் மனதில் இருந்தது அமெரிக்காவில் செய்த பழைய மாதிரி. நான்கு சிலிண்டர். காற்றே குளிர்விக்கும், தண்ணீர் இல்லை, கியர் இல்லை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக். அவற்றுக்குத் தனித்தனியாக இரண்டு மேக்னெட்டோ. மேக்னெட்டோ தனக்கு வேண்டிய பொறியைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். பாட்டரி செத்தாலும் எஞ்சின் ஓடும். ஒன்று போனாலும் மற்றது இழுத்துக்கொண்டு வரும்.

இந்த விவாதம் எங்கள் வீட்டில் ஒரு பருவம் முழுக்க நடந்தது. சோறு வேகும்போது, துணி காயப்போடும்போது, டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது. நாங்கள் எதைப் பற்றி இப்படிச் சண்டை போடுகிறோம் என்று பக்கத்தில் நின்ற தமிழர்கள் தலையைத் திருப்பிப் பார்ப்பார்கள். எங்கள் கல்யாண வாழ்க்கையின் மிக நல்ல மாதங்கள் அவை என்று இப்போது தோன்றுகிறது.

பண்ணையில்

எஞ்சினை விற்பவர் ஹாரிஸ் என்ற முதியவர். புயலில் கொட்டகைக் கூரை சரிந்து அவருடைய விமானம் நொறுங்கிவிட்டது. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு விமானம் கட்ட அவருக்கு வயதில்லை. எஞ்சினைப் புரொப்பெல்லரோடு ஒரு இரும்புச் சட்டத்தில் பூட்டி, பழைய மெத்தையுறையால் மூடி வைத்திருந்தார்.

மலர் எதையும் அவசரப்பட்டுக் கேட்கவில்லை. அவர் ஆயில் ஃபில்டரை அறுத்து, உள்ளிருந்த மடிப்புத் தாளை விரித்து வைத்திருந்தார். அதில் உலோகத் தூள் மின்னுகிறதா என்று ஜன்னல் ஓரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு புரொப்பெல்லரில் கை வைத்தாள்.

"மலர், முதுகு," என்றேன்.

"தெரியும்."

மெல்ல இழுத்தாள். ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்று அடைபட்டு எதிர்ப்பதும் பிறகு விட்டுக்கொடுப்பதும் கையில் தெரியும். இழுத்து, நிறுத்தி, கண்ணை மூடி, மறுபடி இழுத்தாள். நான்கும் ஒரே மாதிரி.

"ஓட்டிக் காட்டுவீர்களா?" என்று கேட்டாள்.

இரண்டு முறை முனகிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது. கொட்டகையில் கிடந்த வைக்கோல் தூசி எல்லாம் கிளம்பி வாசல் வழியாக மழைக்குள் போனது. என் காலடிக் கற்பலகை அதிர்ந்தது. ஹாரிஸ் ஒரு மேக்னெட்டோவை நிறுத்திக் காட்டினார். சத்தம் கொஞ்சம் தாழ்ந்தது, நிற்கவில்லை. அதைத் திரும்பப் போட்டுவிட்டு மற்றதை நிறுத்தினார். அப்போதும் நிற்கவில்லை. மலர் கொட்டகைத் தூணைப் பிடித்தபடி நின்றாள். அவளுடைய வீங்கிய இமைகள் பாதி மூடியிருந்தன. அவள் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தாளா, கேட்டுக்கொண்டிருந்தாளா தெரியவில்லை.

நிறுத்திய பிறகு சூடான உலோகம் டிக் டிக் என்று ஆறுகிற சத்தம் மட்டும் இருந்தது.

"இது," என்றாள் என்னிடம். "இதுதான்."

நான் வாதாடவில்லை. ஹாரிஸ் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினார். இவள் சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டு கைகொடுத்தாள்.

திரும்பி வரும்போது மலர் இருக்கையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"ஒட்டினதெல்லாம்?" என்றேன்.

"பரவாயில்லை," என்று கண்ணை மூடிக்கொண்டாள். சந்தோஷத்தில் களைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை

டாக்டர் இளம் பெண். மலரைத் திரும்பி உட்காரச் சொல்லி, என்னையும் வந்து பார்க்கச் சொன்னார். பிளாஸ்திரி எடுத்த இடங்களில் மையால் கோடு போட்டிருந்தது. முதுகு முழுவதும் ஒன்றுமில்லாத வெற்றுக் கட்டங்கள். ஒரு கட்டம் மட்டும் சிவந்து தடித்து, நடுவில் கொப்புளங்களோடு இருந்தது.

எபாக்ஸிப் பிசின்.

இது ஒருமுறை வந்தால் போகாது என்றார் டாக்டர். உடம்பு இனி ஆயுளுக்கும் மறக்காது. கையுறை காக்காது. அரத்தால் தேய்க்கும்போது பறக்கிற தூசி போதும். தொடர்ந்தால் மூச்சையும் பிடிக்கலாம்.

மலர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஒன்றே ஒன்று கேட்டாள். ஆஸ்பத்திரிக் கட்டு வேலையைச் செய்யலாமா? அது வேறு பிசின், செய்யலாம் என்றார் டாக்டர். "நல்லது," என்றாள்.

பஸ்ஸில் மேல்தளத்தில் உட்கார்ந்தோம். பஸ் அப்டன் பார்க்கை நெருங்கியது.

"திங்கக்கிழமை பின்னேரமே ஒரு இடம் கடிக்கத் துவங்கிட்டுது," என்றாள் திடீரென்று. "ஒட்டேக்க நேர்ஸ் ஒவ்வொண்டாச் சொல்லிச் சொல்லித்தான் ஒட்டினவ. எந்த இடமெண்டு எனக்குத் தெரியும்."

"அப்புறம் எதுக்கு மலர் செவ்வாக்கிழமை அவ்வளவு தூரம் போனோம்?"

ஜன்னலில் தன் முகத்தைப் பார்த்தபடி சொன்னாள்: "எஞ்சினை நானே தெரிவு செய்யவேணும் போல இருந்தது. டாக்டர் சொல்லும் வரைக்கும் அது என்ர பிளேன்தானே."

ஜன்னலுக்கு வெளியே

"நான் கட்றேன்," என்றேன். "நீ சொல்லு, நான் செய்றேன்."

எஞ்சின் வந்தது. கராஜ் மூலையில் அதே மெத்தையுறையோடு நின்றது. கோடை முழுவதும் மலர் வெளியே சந்தில் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, மூடிய ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக்கொண்டு போனில் பேசுவாள்.

"அழுத்தாதேங்கோ, தடவுங்கோ. இடக்கைப் பக்கம் வெள்ளையாத் தெரியுது, காத்து நிக்குது. கெதியா, கெதியா, இறுகப்போகுது."

நான் கெதியாகத்தான் செய்தேன். ஆனால் என் கை அவள் கை இல்லை. ஒரு இறக்கையின் மேற்தோலை முழுவதாக நனைத்து முடிப்பதற்குள் முதலில் ஊற்றிய பக்கம் பிசுபிசுத்துவிடும். வீட்டுக்கு வந்தால் கொல்லையிலேயே உடையைக் கழற்றிப் பையில் கட்டிவிட்டு, குளித்த பிறகுதான் அவள் இருக்கும் அறைக்குப் போவேன். அப்படியும் என் தலைமுடியிலோ காதிலோ ஒட்டி வந்த தூசியில் அவள் இமைகள் வாரத்துக்கு ஒருமுறை வீங்கின.

இறக்கையைப் பார்க்க இன்ஸ்பெக்டர் வந்தார். ஒரு நாணயத்தை எடுத்து மேற்தோலில் தட்டிக்கொண்டே போனார். நன்றாக ஒட்டிய இடம் டிக் டிக் என்று கூர்மையாகக் கேட்கும். ஒட்டாத இடம் டொக் என்று செத்த சத்தம் கொடுக்கும். ஓரத்திலிருந்து டிக் டிக் என்று வந்தது. நடுவுக்கு வந்ததும் டொக். சாக்பீஸால் வட்டம் போட்டார். மறுபடி டொக். இறக்கையின் முழு பாரத்தையும் தாங்குகிற இடம் அது.

அன்றைக்கு ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தபோது மலர் எழுந்து நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தாள். அவர் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

"வருந்துகிறேன்," என்றார் பிறகு. "இதைச் சரிசெய்ய முடியாது. புதிதாகத்தான் செய்ய வேண்டும்."

வீட்டில் அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"இன்னொண்ணு செய்றேன் மலர். பழகிடும்."

"ஓம், பழகுவீங்கள். பழகி, நீங்கள் கட்டி முடிச்சா, அது உங்கட பிளேன். நான் அதில ஏறி இருக்கிற ஆள்."

"நம்ம பிளேன்தானே?"

"எனக்கெண்டு துவங்கினது," என்றாள். "காணும். இனி வேண்டாம்."

அழுதாள். கண்ணீர் புண்ணான இமையில் பட்டு எரிந்ததால் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு, சொட்டுகள் நேராகத் தொட்டிக்குள் விழும்படி நின்றாள். துடைக்கவும் முடியவில்லை. நான் குழாயை நிறுத்தினேன்.

ட்ரெய்லர்

எல்லாவற்றையும் விற்பது என்று முடிவானதும், எஞ்சினை மட்டும் கேட்டு நிறையப் பேர் வந்தார்கள். மலர் சம்மதிக்கவில்லை. "இதுக்கெண்டு எடுத்தது. சேர்த்து எடுக்கிற ஆளுக்குத்தான்" என்றாள். கடைசியில் நார்ஃபோக்கிலிருந்து டேவிட் என்ற ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் வந்தார். கெட்டுப்போன இறக்கையைத் தானே புதிதாகச் செய்துகொள்வதாகச் சொன்னார்.

அவர் ட்ரெய்லரோடு வந்தது காற்று பலமாக அடித்த ஒரு காலை. கராஜில் இருந்து எல்லாவற்றையும் அசைக்கும்போது தூசி கிளம்பும் என்பதால் மலர் சந்தின் முனையிலேயே நின்றுவிட்டாள். எஞ்சினை ஏற்றினோம். பிறகு மலர் செய்த முன் இறக்கையை டேவிட் இரண்டு கையாலும் ஏந்தி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். விரல் நுனியால் நீளத்துக்கும் தடவினார்.

"நீங்கள் செய்ததா?"

"என் மனைவி."

அவர் சுற்றிப் பார்த்தார். சந்தின் முனையில் குளிர் கோட்டோடு நின்ற பெண்ணை, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் யாரோ என்று நினைத்திருப்பார். நான் கை காட்டினேன். அவர் தொப்பியைத் தொட்டார். மலர் தலையை அசைத்தாள்.

ட்ரெய்லர் மெல்ல நகர்ந்து சந்தை விட்டு வெளியேறும் இடத்தில், மலர் திடீரென்று கையை உயர்த்தி நிறுத்தினாள். டேவிட் இறங்கினார். நானும் ஓடினேன். அவள் கொஞ்சம் விலகி, காற்று தன் பக்கத்திலிருந்து அடிக்கும்படி நின்றுகொண்டு சுட்டிக் காட்டினாள். முன் இறக்கையைக் கட்டியிருந்த பட்டை அதன் மெல்லிய பின் ஓரத்தை நேராக அழுத்திக்கொண்டிருந்தது. கந்தைத் துணி ஏதாவது இருக்கிறதா என்று டேவிட் காரில் தேடினார். இல்லை.

மலர் கழுத்திலிருந்த கம்பளி ஸ்கார்ஃபை அவிழ்த்து மடித்து என்னிடம் நீட்டினாள். "நாலா மடிச்சு வையுங்கோ. இன்னும் கொஞ்சம் உள்ளுக்க. ஓம், அதில." நான் அவள் சொன்னபடி வைத்தேன். டேவிட் பட்டையை இறுக்கினார். ஸ்கார்ஃபைத் தபாலில் அனுப்பிவிடுவதாகச் சொன்னார். வேண்டாம், அதிலேயே இருக்கட்டும் என்றாள்.

அவர் அந்த விமானத்தை முடித்துப் பறந்தாரா என்று எங்களுக்குத் தெரியாது. தொலைபேசி எண் இருந்தது. இருவரும் கூப்பிடவில்லை. மலர் தன் உரிமத்தைப் புதுப்பிக்கவும் இல்லை.

ட்ரெய்லர் ஹை ஸ்ட்ரீட்டில் திரும்பி, பஸ்களுக்குப் பின்னால் மறைந்தது. மலர் கோட்டுக் காலரை உயர்த்திக் கழுத்தை மூடிக்கொண்டு இன்னும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கவனமாத்தான் ஓட்டுறார்," என்றாள்.